மாமாவின் களத்தில் எந்தப் படலத்தை உலர்த்துவது?

ஆத்தூருக்குப் பக்கத்தில் என் தாய்மாமா ஒரு சேகோ மில் நடத்துகிறார்; மரவள்ளிக் கிழங்கிலிருந்து மாவும் ஜவ்வரிசியும் எடுக்கும் ஆலை. தாத்தா தொடங்கியது, இன்றும் நடுத்தர மில்தான். கிழங்கு வரத்து முடிந்ததும் தொட்டிகள் காய்ந்துவிடும். ஈர மாவைப் பரப்பி உலர்த்தும் சிமென்ட் களம் கோடை வெயில் முழுவதையும் வாங்கிக்கொண்டு வெறுமனே கிடக்கும். சென்ற மாசியில் அந்தக் களத்தைக் காட்டித்தான் மாமா கேட்டார்.

"கண்ணு, கிழங்கு மாவில் பிளாஸ்டிக் போலத் தாள் செய்யலாம் என்கிறார்கள். நீ உணவுத் தொழில்நுட்பம் படித்தவள். எதில் பணம் போடலாம், எதில் போடக்கூடாது, அதை மட்டும் சொல்."

அதே மாதம் ஏற்காட்டிலிருந்து சின்னம்மா பேசினார். அவர் இருக்கும் மகளிர் குழு மிளகும் காப்பித்தூளும் பொட்டலம் போட்டு விற்கிறது. "உன் மாமா செய்யப்போகும் தாளையே நாங்களும் வாங்கிக்கொள்கிறோம். இனி பிளாஸ்டிக் பையில் கட்ட எங்களுக்கு மனமில்லை" என்றார்.

இருவருக்கும் ஒரே விடை போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். வீட்டிலும் களத்திலும் மலையிலுமாகப் பத்து மாதம் ஊற்றிப் பார்த்தும், புதைத்துப் பார்த்தும், பொட்டலம் கட்டிப் பார்த்தும் இருக்கிறேன். விடைகள் வேறு வேறாக வந்தன. சேலம் மாவட்டத்தில் இதே யோசனையில் இருக்கும் மில்காரர்களும் பலகாரக் கடைக்காரர்களும் பலர் என்று தெரியும். அவர்களுக்காகவே என் கணக்கை விரித்து எழுதுகிறேன்.

பாலித்தீனுக்கு மாற்று தேடும் அவசரம் எங்கிருந்து வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை. நாடு முழுவதற்குமான தடை 2022 ஜூலை 1 அன்று வந்தது. அந்தப் பட்டியலில் பலர் கவனிக்காத ஒரு வரி உண்டு: இனிப்புப் பெட்டிகளின் மேல் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் படலமும் தடை செய்யப்பட்டிருக்கிறது. இந்த வரி இக்கட்டுரையின் கடைசியில் மீண்டும் வரும்.

முதலில் கிழங்கு மாவு. இதைத்தான் அதிகம் சோதித்தேன், அதிகம் நேசிக்கிறேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மாவிலிருந்து படலம் எடுப்பது சேலத்துக்குப் புதிதன்று. பங்குனியில் மாடியில் ஜவ்வரிசி வடாம் ஊற்றுபவர்கள் செய்வது அதைத்தான்: கூழ் காய்ச்சி, மெல்லியதாக ஊற்றி, காய்ந்ததும் உரித்தெடுப்பது. நெசவாளர்கள் பாவுக்குக் கஞ்சி போடுவதும் அதே வித்தை. நூலைச் சுற்றி மாவு ஒரு தோலாகக் காய்ந்து, தறியின் உராய்வில் இழை அறாமல் காக்கிறது. 1940களில் போரினால் வெளிநாட்டு ஸ்டார்ச்சும் சேகோவும் வருவது நின்றபோது இங்கே தொடங்கிய தொழில், 1981இல் சேகோசர்வ் கூட்டுறவு சங்கமாகத் திரண்டு, 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் பெற்றது. மூலப்பொருளைத் தேடி நாம் எங்கும் போக வேண்டியதில்லை. இந்தத் தெரிவின் பெரிய பலம் இதுதான்.

மாவுமணிகள் தண்ணீரில் 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் சூட்டில் உப்பி உடைகின்றன. உள்ளே இருந்த அமைலோஸ் என்ற நீண்ட மாவுச்சத்து இழைகள் வெளியே வந்து, உலரும்போது ஒன்றோடொன்று நெருங்கிப் பின்னிக்கொள்கின்றன. மக்காச்சோள மாவில் நான்கில் ஒரு பங்கு அமைலோஸ் இருக்கும். மரவள்ளியில் அது சற்றுக் குறைவு, ஐந்தில் ஒரு பங்குக்குள்தான். ஆனால் மரவள்ளி மாவில் புரதமும் கொழுப்பும் ஏறத்தாழ இல்லை. அதனால் கூழ் கண்ணாடிபோலத் தெளிகிறது, வாடையும் இல்லை. உணவின்மேல் சுற்றும் தாளுக்கு இவ்விரண்டும் மிக வேண்டிய குணங்கள்.

வெறும் மாவில் ஊற்றினால் அப்பளம்போல நொறுங்கும். வளைந்துகொடுக்கக் கிளிசரின் வேண்டும். நான் நிலையாகப் பிடித்துக்கொண்ட அளவு: 100 மில்லி தண்ணீருக்கு 4 கிராம் மாவு, 1.2 கிராம் கிளிசரின். ஏப்ரலில் மாமாவின் களத்து ஓரத்தில் இந்த அளவில் ஊற்றிய தாள்கள் மாலைக்குள் காய்ந்து, அழகாக உரிந்து வந்தன. மாமாவின் முகத்தில் அன்று இருந்த மகிழ்ச்சியை மறக்க மாட்டேன். மறுநாள் மதியம் அவற்றை மடித்தபோது மடிப்பு ஓரத்தில் கீறல் விட்டது. அதே அளவில் செய்த தாள்களை ஐப்பசியில் சின்னம்மா வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். ஏற்காட்டு மூடுபனியில் இரண்டே நாளில் ஈரத்துணிபோலத் துவண்டு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. எட்டாம் நாள் கரும்புள்ளியாகப் பூஞ்சணம்.

சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் இடையே இருப்பது 20 கொண்டை ஊசி வளைவுகள்தான். ஆனால் அந்தத் தூரத்துக்குள் காற்றின் ஈரம் முற்றிலும் மாறிவிடுகிறது. கிளிசரின் காற்றிலிருந்து தண்ணீரை இழுக்கும், மாவும் இழுக்கும். காற்று வறண்டால் படலம் விறைக்கும், ஈரமானால் குழையும். ஆய்வகத்தில் ஒரே ஈரப்பதத்தில் வைத்து அளந்த வலிமை எண்களைப் பார்த்துப் பணம் போடுபவர்கள் முதலில் அடிபடுவது இங்கேதான். பாலித்தீனை இழுத்தால் தன் நீளத்துக்குப் பல மடங்கு நீண்ட பிறகே கிழியும். மாவுப் படலம் அந்த அளவு இழுவையை எந்தப் பருவத்திலும் தாங்காது. இதைத் தெரிந்துகொண்டே அதற்கு வேலை தேட வேண்டும்.

அதற்கு ஏற்ற வேலை இருக்கிறது. ஒரே நாளில் சுட்ட முறுக்கைச் சில பாலித்தீனிலும் சில மாவுப் படலத்திலும் கட்டி, அடியில் வெள்ளைத்தாள் விரித்து வைத்தேன். மூன்று நாளிலும் மாவுப் படலத்தின் வழியே ஒரு சொட்டு எண்ணெய் தாளுக்கு இறங்கவில்லை. உலர்ந்த மாவுப் படலம் எண்ணெயையும் ஆக்சிஜனையும் நன்றாகத் தடுக்கும்; எண்ணெய்ப் பலகாரம் சிக்கு வாடை அடிப்பதைத் தள்ளிப்போட இது உதவும். ஆனால் நீராவி அதன் வழியே தாராளமாகப் போய்வரும். மூன்றாம் நாள் முறுக்கு நமுத்துவிட்டது. ஆக ஒன்றிரண்டு நாளில் தின்று தீரும் உலர்ந்த பண்டத்துக்கு இது நல்ல உறை. ஒரு மாதம் மொறுமொறுப்பாக இருக்க வேண்டிய பாக்கெட்டுக்கு உதவாது.

இதில் இன்னொரு சோதனையும் இருக்கிறது. உணவைத் தொடும் பிளாஸ்டிக் உறைகளிலிருந்து உணவுக்குள் இறங்கும் பொருள் ஒரு கிலோவுக்கு 60 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிகள் வரம்பு வைக்கின்றன. ஈர உணவுக்கான உறையைத் தண்ணீர் போன்ற திரவத்தில் ஊறவைத்து இதை அளப்பார்கள். மாவுப் படலமோ தண்ணீரில் ஊறிக் கரையவே செய்கிறது. சட்னி, தயிர், வெட்டிய பழம் என்று ஈரமாக எதையும் இந்தப் படலத்தில் கட்டப்போவதாக யாராவது விற்க வந்தால், மில்காரர் அங்கேயே கைகூப்பி அனுப்பிவிடலாம். சேலத்துத் தட்டுவடை செட்டை இதில் பொதிய முடியுமா என்று நண்பர்கள் ஆசையோடு கேட்டார்கள். காரட்டும் பீட்ரூட்டும் சட்னியும் சேர்ந்த பண்டம் அது. பத்து நிமிடத்தில் உறையும் செட்டோடு சேர்ந்து கூழாகிவிடும்.

செலவு என்றால் மாவின் விலையைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். கிழங்கை பாயிண்ட் கணக்கில், அதாவது அதிலுள்ள மாவுச்சத்தின் அளவைப் பார்த்து விலை வைத்து, வாங்கிப் பழகியவர்களுக்கு அது இயல்பு. ஆனால் இந்தத் தொழிலில் பணம் கரைவது தண்ணீரில்தான். 50 மைக்ரான் கனமுள்ள மாவுப் படலம் ஒரு சதுர மீட்டர் ஏறத்தாழ 70 கிராம் எடை வரும். நான் சொன்ன அளவில் அதை ஊற்றினால், ஏறத்தாழ ஒன்றேகால் லிட்டர் தண்ணீர் ஆவியாக வேண்டும். ஆயிரம் சதுர மீட்டருக்கு 1,250 லிட்டர். அதை மின்சாரத்தில் உலர்த்தினால், எந்த இழப்பும் இல்லையென்றே வைத்துக்கொண்டாலும் 780 யூனிட் ஆகும். இந்த இடத்தில்தான் மாமாவின் வெறுங்களம் சொத்தாகிறது. ஆனால் திறந்த களத்தில் உணவுத் தாள் உலர்த்தக் கூடாது. தூசி, பறவை எச்சம், காற்றில் பறக்கும் பஞ்சு எல்லாம் ஈரக் கூழில் ஒட்டிக்கொள்ளும். கூரையும் வலையும் போட்ட சூரிய உலர்கூடம் வேண்டும்.

சேமிப்பில் ஒரு தொல்லை. இது உணவு, ஆகவே உணவைத் தின்பவை எல்லாம் இதையும் தின்னும். மில் கிடங்கில் வைத்த ஒரு சுருளைக் கரப்பான்கள் ஓரம் ஓரமாக அரித்திருந்தன. மூடிய தகர டிரம்மில் வைக்காமல் முடியாது. மாதக்கணக்கில் செய்து குவித்து வைக்கும் சரக்கு இது ஆகாது.

திப்பியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மாமாவுக்கு அதில்தான் ஆசை. மாவு எடுத்தபின் மிஞ்சும் அந்தச் சக்கையில் நாரோடு கணிசமான மாவும் தங்கியிருக்கிறது. இன்று மாட்டுத் தீவனமாகப் போகிறது. நன்றாகக் கழுவி, உலர்த்தி, நைசாக அரைத்து, மாவின் எடையில் பத்தில் ஒரு பங்கு சேர்த்தபோது படலம் கெட்டியானது, துவளுவதும் குறைந்தது. கண்ணாடித் தெளிவு போய்விட்டது. பச்சைக் கிழங்கில் சயனைடு தரும் பொருள் இயல்பாகவே உண்டு. மாவைத் திரும்பத் திரும்பக் கழுவும்போது அது தண்ணீரோடு போய்விடுகிறது. திப்பியைச் சேர்ப்பவர்கள் அதே அக்கறையைத் திப்பிக்கும் காட்ட வேண்டும்.

இரண்டாவது வழி, பெரிய முதலீட்டுக்காரர்கள் மாமாவுக்குப் பரிந்துரைத்தது: எக்ஸ்ட்ரூடர் என்ற உருக்கிப் பிழியும் எந்திரம் வாங்கி, மாவைக் கிளிசரினோடு உருக்கி, குழாயில் ஊதிப் பை செய்வது. தண்ணீரை ஆவியாக்கும் செலவு இதில் ஏறத்தாழ இல்லை. பாலித்தீன் பை செய்த பழைய பட்டறைகள் சில மாற்றங்களோடு இதற்குத் திரும்ப முடியும். பை கனம் தாங்கும், மழையில் கரையாது.

ஆனால் உருக்கிய மாவு தனியாக ஊதும்போது நிற்காது, ஒட்டும், கிழியும். அதனால் பிபிஏடி என்ற பாலியெஸ்டரைக் கலக்கிறார்கள். பல பைகளில் அதன் பங்கு பாதிக்கு மேல். அது பெட்ரோலியத்திலிருந்து வருவது. நுண்ணுயிர்களால் அதைச் சிதைக்க முடியும் என்பது உண்மை. ஆகவே அதில் மோசடி எதுவும் இல்லை. செடியிலிருந்து வருவது வேறு, மண்ணில் மக்குவது வேறு என்பதை வாங்குபவரும் விற்பவரும் பிரித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பிரேசிலில் கரும்பு எத்தனாலிலிருந்து பாலித்தீன் செய்கிறார்கள். முழுக்கச் செடியிலிருந்து வந்தாலும் அது சாதாரணப் பாலித்தீனைப் போலவே மக்காது. பிபிஏடி அதற்கு நேர் எதிர்.

மக்காச்சோளம் அல்லது கரும்பின் சர்க்கரையை நொதிக்கவைத்துச் செய்யும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கையும் இந்தக் கூட்டத்தில் சேர்க்கலாம். தெளிவானது, விறைப்பானது. ஆனால் 60 டிகிரியை நெருங்கும்போது இளகிவிடும். சூடான காப்பிக்கு ஆகாது. மக்கும் பிளாஸ்டிக்குக்கான ஐஎஸ்ஓ 17088 தரம் கேட்பது இதுதான்: 58 டிகிரி சூட்டில் வைத்த உரக்குவியலில், 180 நாளுக்குள் 90 சதவீதம் சிதைய வேண்டும். தொழில்முறை உரக்கூடத்தில் இந்தச் சூட்டைத் தக்கவைப்பார்கள். நம் வீட்டுக் குழி அப்படிச் சுடாது. சித்திரையில் ஒரே குழியில் மாவுப் படலத்தையும் ஒரு பிஎல்ஏ கோப்பையையும் புதைத்தேன். மூன்று வாரத்தில் படலம் இருந்த இடம் தெரியவில்லை. கோப்பையை மார்கழியில் தோண்டி எடுத்துக் கழுவினேன். அதில் மீண்டும் மோர் ஊற்றிக் குடித்திருக்கலாம். ஏற்காட்டு ஏரிக்கரையிலும் சாலையோரத்திலும் பயணிகள் வீசுவது இந்தக் கோப்பையாக இருந்தால், காட்டெருமையின் வயிற்றுக்கு அது பிளாஸ்டிக்தான்.

இந்த வகைப் பைகளுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழும் வாங்க வேண்டும். அதற்கான சோதனைகளுக்குக் காலமும் பணமும் ஆகும். துருவங்கள் போல இரண்டு தொழில்கள் இவை: முதலாவது உலர்த்தும் தொழில், இரண்டாவது பிளாஸ்டிக் தொழில். மாமாவுக்கு உலர்த்தத் தெரியும். பிளாஸ்டிக் குருணையை வெளியே வாங்கி, அதன் விலை ஏற்ற இறக்கத்தோடு மல்லுக்கட்டி, தன் மாவை அதில் சிறு பங்காகச் சேர்ப்பதற்கு அவர் வேண்டாம். ஊதும் எந்திரம் ஏற்கெனவே வைத்திருப்பவர், கனமான பையை விற்கும் சந்தை தெரிந்தவர் என்றால் என் பதில் மாறும். அவர் தயங்காமல் இதில் இறங்கலாம்.

மாம்பழத் தோல் என்னை மிகவும் இழுத்தது. காரணம் பருவம். சித்திரையிலிருந்து ஆடி வரை மாம்பழம் வரும். சரியாக அப்போதுதான் சேகோ மில் சும்மா இருக்கும். கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கூழ் ஆலைகளில் தோலும் கொட்டையும் மலையாகக் குவிகின்றன. தோலில் பெக்டின் நிறைய உண்டு. ஜாமை இறுகவைப்பது அதுதான். அது நல்ல படலமும் தரும். கொட்டைப் பருப்பின் உலர் எடையில் பாதிக்கு மேல் மாவு.

எடுத்துப் பார்த்தபோதுதான் கடினம் தெரிந்தது. ஈரத்தோல் ஒரே நாளில் புளிக்கத் தொடங்கும். பெக்டினைப் பிரிக்க அமிலம் கலந்த வெந்நீரில் வேகவைக்க வேண்டும், பிறகு ஆல்கஹாலில் திரட்ட வேண்டும். அந்த ஆல்கஹாலை மீட்டுத் திரும்பப் பயன்படுத்தாவிட்டால் கணக்கு நிற்காது. மீட்பதற்கு வடிகலன், தீத்தடுப்பு ஏற்பாடு, உரிமம் என்று அது வேறு ஆலையாகிவிடுகிறது. படலம் பழுப்பு மஞ்சளாக வருகிறது. தண்ணீரைத் தாங்குவதில் மாவைவிட மேல் என்றும் சொல்ல முடியாது. ஒரு சிறிய நன்மையை மட்டும் எடுத்துக்கொண்டேன். தோலை உலர்த்தி அரைத்த தூளைச் சிட்டிகை அளவு மாவுக் கூழில் கலந்தால், அதிலுள்ள பாலிபீனால்கள் எண்ணெய் கெடுவதைத் தாமதப்படுத்த உதவும். முறுக்கு, அதிரசம் போன்றவற்றைச் சுற்றும் தாளுக்கு இது போதும்.

கடற்பாசியிலிருந்து வரும் அகர், கராஜினன், ஆல்ஜினேட் ஆகியவை மூன்றும் அருமையான படலம் தரும். ஆல்ஜினேட் படலத்தைக் கால்சியம் உப்புக் கரைசலில் நனைத்தால் தண்ணீரில் கரையாமல் நிற்கும். மாவுக்கு இல்லாத வரம் அது. ஆனால் பாசி வளர்வது ராமநாதபுரம் கடற்கரையில். அங்கே இருப்பவர்கள் செய்ய வேண்டிய தொழில் இது. கிழங்கு கொட்டிக் கிடக்கும் ஊரில் பாசியை விலைக்கு வாங்கி வந்து தாள் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை.

கண்ணாடித்தாளைப் பற்றிப் பெரியவர்கள் கேட்பார்கள். அசல் கண்ணாடித்தாள், அதாவது செல்லோஃபேன், மரக்கூழிலிருந்து வரும் செல்லுலோஸ். 1908இல் பிராண்டன்பெர்கர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் பிரான்சில் தொடங்கிவைத்த வேலை. பூச்சு எதுவும் இல்லாவிட்டால் மண்ணில் மக்கும். இன்று கடையில் அந்தப் பெயரில் கிடைப்பது பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். அசலைச் செய்யக் கார்பன் டைசல்பைடு என்ற நச்சுத் திரவம் வேண்டும். இதே திரவத்தால் மரக்கூழைக் கரைத்துச் செயற்கை இழை எடுக்கும் விஸ்கோஸ் ஆலையின் கழிவு ஓர் ஆற்றை என்ன செய்யும் என்று பவானிக் கரைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். நடுத்தர மில்லுக்கு இது வேண்டவே வேண்டாம்.

இத்தனைக்கும் நடுவே நான் தாமதமாகக் கண்டடைந்த வழி, காகிதத்தின்மேல் மாவுப் பூச்சு. ஒரு சதுர மீட்டருக்கு 8 கிராம் மாவு பூசினால் போதும். தனிப் படலத்துக்கு ஒன்றேகால் லிட்டர் தண்ணீரை விரட்ட வேண்டியிருந்தது. கொஞ்சம் கெட்டிக் கரைசலாகப் பூசினால் இதற்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூட இல்லை. இழுவையைக் காகிதம் தாங்கிக்கொள்கிறது, எண்ணெயை மாவு தடுக்கிறது. வறண்ட நாளில் கீறல் விடும் தொல்லையும் குறைவு. மாவுக்கு மேல் தேன்மெழுகை மெல்லியதாகத் தேய்த்தால் ஈரத்துக்கும் ஓரளவு நிற்கிறது. சேர்வராயன் மலையில் தேன் எடுப்பவர்களிடமிருந்து மெழுகு கிடைக்கும்.

பஜ்ஜியும் போண்டாவும் செய்தித்தாளில் கட்டித் தருவதை உணவுப் பாதுகாப்பு விதிகள் தடுக்கின்றன. அச்சு மையும் அதிலுள்ள நச்சும் சூடான எண்ணெயில் இறங்கும். அந்த இடத்தை நிரப்ப இந்தத் தாள் தயாராக இருக்கிறது. கரூர் அருகே புகளூரில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறார்கள். மூலப்பொருளும் நம் பக்கத்து வயலிலிருந்தே வரலாம் என்பது எனக்கு மகிழ்ச்சி. ஆனால் எழுதும் காகிதத்தை அப்படியே எடுத்துப் பூசிவிடக் கூடாது. அதில் வெண்மை கூட்டும் இரசாயனங்கள் சேர்ந்திருக்கும். உணவைத் தொடுவதற்கென்று செய்த காகிதம் என்று கேட்டு, எழுத்தில் உறுதி வாங்க வேண்டும்.

இலைக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். வாழையிலையும் மந்தாரை இலையும் பாக்குமட்டைத் தட்டும் இருக்கும் இடத்தில் எந்தப் படலத்தையும் நான் கொண்டுவர மாட்டேன். சூடான இட்லியை இலையில் மடித்துக் கட்டுவதைவிட நல்ல தொழில்நுட்பம் எனக்குத் தெரியாது. படலம் வேண்டியது, உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டிய இடத்தில். அல்லது இலை வாடிவிடும் அளவு நேரம் பண்டம் காத்திருக்க வேண்டிய இடத்தில்.

இனி சின்னம்மாவுக்குச் சொன்ன விடை. அவர் குழு விற்பது மூன்று பண்டம்: காப்பித்தூள், மிளகு, பருவத்தில் ஆரஞ்சு.

காப்பித்தூளுக்கு மாவுப் படலம் கூடாது என்று உறுதியாகச் சொன்னேன். வறுத்த காப்பிக்கு மூன்று எதிரிகள்: ஆக்சிஜன், ஈரம், மணம் வெளியேறுவது. வறுத்த சில நாளுக்கு அது கரியமில வாயுவையும் வெளியிடும். இத்தனையையும் பார்த்துக்கொள்ளத்தான் பெரிய நிறுவனங்கள் உலோகப் பூச்சுள்ள பல அடுக்குப் பையும் ஒருவழி வால்வும் வைக்கின்றன. நல்ல மலைக்காப்பியை மாவுத்தாளில் கட்டிக் கெடுத்துவிட்டு, இயற்கை உறை என்று பெருமை பேசுவது, ஓர் ஆண்டு முழுக்கச் செடியைக் காத்தவருக்குச் செய்யும் துரோகம். கண்ணாடிப் புட்டியில் போடுங்கள், காலிப் புட்டி கொண்டுவருபவருக்கு விலையைக் குறையுங்கள் என்றேன். சின்னம்மாவுக்கு முதலில் ஏமாற்றம். "மாமா தாள் என்று சொல்லிவிட்டேனே எல்லோரிடமும்" என்றார்.

மிளகுக்கும் ஈரம் ஆகாது, உலர்ந்த மிளகு மூடுபனியை உறிஞ்சினால் பூஞ்சணம் பிடிக்கும். அதை நெருக்கமாக நெய்த துணிப்பையில் கட்டி, பெரிய மூடிய டப்பாவில் வைத்து, விற்கும்போது மட்டும் வெளியே எடுக்கச் சொன்னேன். ஆரஞ்சுக்குத் தாளே வேண்டாம். மாவையும் மெழுகையும் சேர்த்து நீர்த்த கரைசலில் பழத்தையே முக்கி எடுத்தால், தோலின்மேல் படலம் படிந்து வாடுவது குறையும். கழுவினால் போய்விடும், தின்றாலும் தீங்கில்லை. படலத்தைத் தனியாகச் செய்து, உரித்து, வெட்டி, ஒட்டும் அத்தனை வேலையும் மிச்சம். சின்னம்மா இதைப் பத்துப் பழத்தில் செய்து பார்த்துவிட்டு, அடுத்த பருவத்துக்குப் பெரிய அண்டா வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

மாமாவுக்கு நான் சொன்னது: முதலில் பூச்சுத்தாள், கூடவே சிறிய அளவில் தெளிந்த படலம். அந்தப் படலத்துக்கு ஒரே ஒரு வாடிக்கையாளர் வகை, இனிப்புப் பெட்டி கட்டுபவர்கள். தடை வந்தபின் அந்த மேல்சுற்று இல்லாமல் அவர்கள் பெட்டியை நாடாவால் கட்டுகிறார்கள்; சிலர் இன்னும் ஒளித்துப் பிளாஸ்டிக்கையே சுற்றுகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது தெளிவு, ஓரிரு நாள் ஆயுள், தூசி படாமல் ஒரு மறைப்பு. பண்டத்தை நேராகத் தொடுவதில்லை, கனம் தாங்க வேண்டியதில்லை. ஒட்டுவதற்குச் சூடும் வேண்டாம். ஓரத்தை ஈரத்துணியால் ஒரு தடவை தடவினால் மாவே பசையாகி ஒட்டிக்கொள்ளும். மாவுப் படலத்தின் குறைகள் ஒன்றுகூட இந்த வேலையில் குறுக்கே வரவில்லை என்றுதான் நினைத்தேன்.

தீபாவளிக்கு முன் சேலத்தில் ஒரு பலகாரக் கடையில் 40 பெட்டிகளுக்குச் சுற்றிப் பார்த்தோம். மழை நாள்கள். முதல் 20 பெட்டிக்குக் கோடை அளவிலேயே கிளிசரின் போட்டிருந்தேன். மாலைக்குள் மேல்தாள் தளர்ந்து, அடுக்கி வைத்த பெட்டிகள் ஒட்டிக்கொண்டன. அடுத்த 20க்குக் கிளிசரினை 0.8 கிராமாகக் குறைத்தேன். இரண்டு நாள் விறைப்பாக நின்றன. வீட்டுச் சமையலில் மழைக்காலத்து மாவுக்குத் தண்ணீரைக் குறைக்கும் அதே கைப்பக்குவம். இதை எழுதி மாமாவின் மில் சுவரில் ஒட்டியிருக்கிறேன்: கோடைக்கு ஓர் அளவு, மழைக்கு ஓர் அளவு, இரண்டுக்கும் நடுவே பனிக்கு ஓர் அளவு.

"இரண்டு நாள் மட்டும்தானா?" என்று மாமா கேட்டார்.

"இனிப்பும் அதற்குள் தீர்ந்துவிடும், மாமா" என்றேன். அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, களத்தின் வடக்கு மூலையில் 20 அடிக்கு 60 அடி அளந்து கயிறு கட்டச் சொன்னார். உலர்கூடத்துக்கான கூரைத் தகடு தை பிறந்ததும் வரும். பூச்சுத்தாளின் மாதிரியை உணவுத் தொடர்புச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம். அந்த அறிக்கை கையில் வரும்வரை ஒரு தாளையும் விற்பதில்லை என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம். எக்ஸ்ட்ரூடர் விலைப்பட்டியலை மாமா இன்னும் மேசை இழுப்பறையில்தான் வைத்திருக்கிறார். அதைக் கிழித்துப் போடச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.